முலாஞ்சே மலையடியில் துவரை அறுப்பு

திங்கள், லிம்பே, ஆகஸ்ட் 2024

மலாவிக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்க்கப் போவார்கள், நான் துவரங்காட்டைப் பார்க்கப் போகிறேன். விஷயம் இதுதான்: நம் ஊர் மளிகைக் கடையில் வாங்கும் துவரம்பருப்பில் ஒரு பங்கு மொசாம்பிக், தான்சானியா, மலாவி என்று இந்தப் பக்கமிருந்து கப்பலேறி வருகிறது. உலகத்திலேயே அதிகம் துவரை விளைவிப்பதும் நாம்தான், அதிகம் தின்பதும் நாம்தான், அப்படியும் பற்றாமல் வெளியே வாங்குகிறோம். 2021-ல் மலாவியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், ஐந்து வருடத்துக்கு, வருடம் 50,000 டன் வாங்கிக்கொள்வதாக. அதை விதைத்து, களையெடுத்து, அடித்துத் தூற்றுகிறவர்கள் வீட்டில் என்ன சமையல், காசு கைக்கு வந்தால் முதலில் எதற்குப் போகிறது என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

பிளான்டையரை ஒட்டிய வியாபாரப் பகுதிதான் லிம்பே. இங்கே ஒரு பருப்பு ஆலையில் கணக்குப் பார்க்கும் நண்பர் வீட்டில் தங்கல். தெருவில் பழைய குஜராத்திக் கடைகள் நிறைய. ஒரு காலத்தில் இவர்கள் கிராமம் கிராமமாகக் கடை வைத்திருந்தவர்கள். 1970களில் அப்போதைய அதிபர் பண்டாவின் அரசு ஆசிய வியாபாரிகளைக் கிராமங்களிலிருந்து கிளப்பி பிளான்டையர், சோம்பா, லிலோங்வே என்று நகரங்களுக்குள் அடைத்துவிட்டது. அதனால் இன்றைக்குக் காட்டில் துவரையை வாங்குவது உள்ளூர்ச் சில்லறை வியாபாரி, அவரிடமிருந்து லிம்பே கிடங்கு, அங்கிருந்து லாரி. மலாவிக்குக் கடற்கரை கிடையாது, மூட்டைகள் மொசாம்பிக்கின் நகாலா, பெய்ரா துறைமுகங்களுக்குப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும்.

ஆலையில் மேற்பார்வை பார்க்கும் உள்ளூர்க்காரரின் அம்மா வீடு பலோம்பே மாவட்டத்தில் இருக்கிறது. அங்கேதான் நாளை போகிறேன். "அங்க போய் சாம்பார் கேக்காதீங்க, பருப்பை உடைக்கிற பழக்கமே அவங்களுக்குக் கிடையாது" என்று நண்பர் சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்

லிம்பேயிலிருந்து மிடிமா ரோடு வழியாக மினி பஸ். நாலு பேர் சீட்டில் ஐந்து பேர், மடியில் யாருடைய கோழியோ. முலாஞ்சே நெருங்க நெருங்கத் தேயிலைத் தோட்டங்கள், அதற்குப் பின்னால் சமவெளியிலிருந்து ஒரே எழும்பாக எழும்பி நிற்கும் கருங்கல் மலை. உச்சி சபிட்வா 3,002 மீட்டர். சிட்டகாலே சந்திப்பில் பஸ் மாறி, மலையின் மேற்கு விலாவை ஒட்டியே பலோம்பே போகும் ரோட்டில் கொஞ்ச தூரம், அப்புறம் கபாஸா. கபாஸா என்றால் சைக்கிள் டாக்ஸி. பின்னால் மெத்தை வைத்த கேரியரில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஓட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கலாம், என்னையும் என் பையையும் மண் ரோட்டில் மேட்டில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வந்தான்.

வழியெல்லாம் துவரை. மக்காச்சோளத்தை ஏப்ரல், மே மாதத்திலேயே ஒடித்துவிட்டார்கள், காய்ந்த தட்டை பாதி சாய்ந்து கிடக்கிறது, அதற்கு ஊடே ஆள் உயரத்துக்கு மேல் துவரை நிற்கிறது. சில வயலில் இன்னும் மஞ்சள் பூ, சிலதில் காய் முற்றிப் பழுப்பாகிவிட்டது. நம் கிருஷ்ணகிரிப் பக்கம் நிலக்கடலைக்கு ஊடே போடுவதுபோல இங்கே சோளத்துக்கு ஊடே. நவம்பர், டிசம்பரில் முதல் மழை விழுந்ததும் இரண்டையும் ஒரே பாரில் ஊன்றுகிறார்கள். துவரை முதல் மூன்று மாதம் வளர்வதே தெரியாது, சோளத்தோடு போட்டிக்குப் போகாது, சோளம் போனபிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் கொண்டே பூத்துக் காய்த்துவிடும். உதிரும் இலை மண்ணுக்கு உரம். ஏர் எதுவும் கிடையாது, எல்லாம் மண்வெட்டிதான். வருடா வருடம் ஒவ்வொரு பாரையும் கையால் வெட்டிப் புதிதாக அணைக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கிறது.

வீட்டு வாசலுக்கு வந்ததும் என்னோடு வந்த வாத்தியார் (அந்த அம்மாவின் பேரன், தொடக்கப் பள்ளியில் வேலை, நல்ல இங்கிலீஷ்) "ஓடி!" என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து "ஓடினி!" என்று பதில் வந்த பிறகுதான் முற்றத்தில் கால் வைக்கலாம். பாட்டியை எல்லோரும் அகோகோ என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வலது கையை நீட்டி, இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு கை கொடுத்தார். மருமகளாக இருக்கும் என்று நினைத்த பெண் முழங்காலிட்டுக் கை கழுவத் தண்ணீர் ஊற்றியபோது எனக்குக் கூச்சமாகிவிட்டது. மருமகள் இல்லையாம், மகள். இங்கே லோம்வே மக்களிடம் நிலம் பெண்வழியாகத்தான் இறங்குகிறது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்கு வந்து குடியேற வேண்டும். வாத்தியாரின் மனைவி வேறு ஊர், ஆகவே அவரும் அங்கேதான் குடியிருக்கிறார், அம்மா வழி ஊருக்கு விருந்தாளியாக வந்துபோகிறார். தெற்கே ஜனநெருக்கம் அதிகம், அகோகோவின் நிலம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவு, அதுவும் இரண்டு மகள்களுக்குப் பங்கு பிரிந்தாயிற்று.

ராத்திரி நிசிமா. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிநீரில் போட்டு, மரத்துடுப்பால் இறுகும்வரை கிண்டி, அகப்பையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வழித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். நம் களி மாதிரிதான், உப்பு மட்டும் கிடையாது. கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, பூசணி இலைக் கூட்டை அள்ளிக்கொள்ள வேண்டும். நிலக்கடலைப் பொடி போட்ட கூட்டு. இரண்டாவது கட்டியும் வாங்கிக்கொண்டேன்.

புதன்

காலையில் முதல் வேலை தண்ணீர். மலையிலிருந்து குழாய் வழியாகத் தானாகவே இறங்கி வரும் தண்ணீர்த் திட்டம் இந்தச் சமவெளியில் 1960களின் இறுதியிலேயே தொடங்கியது. பம்பு இல்லை, கரண்ட் இல்லை, ஊர் மக்களே பள்ளம் வெட்டிக் குழாய் பதித்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்துக் குழாயில் காற்றுதான் வருகிறது, ஆகவே கைபம்புக்கு நடை. வரிசையில் பத்துப் பன்னிரண்டு வாளி. வாளிக்காரிகள் தூரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், வாளிகள் வரிசையில் நிற்கின்றன, யாரும் முந்துவதில்லை.

அப்புறம் அடிப்பு. வெட்டி ஒரு வாரம் காயப்போட்ட துவரைச் செடியை முற்றத்தில் தார்ப்பாயின் மேல் பரப்பி, எதிரெதிரே நின்று நீளக் கழியால் மாறி மாறி அடிக்கிறார்கள். தூசி கழுத்துக்குள் இறங்கி அரிக்கிறது, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டாலும் பயனில்லை. அகோகோ அடிப்பதில்லை, ஓரமாகக் கால் நீட்டி உட்கார்ந்து லிச்செரோவில் புடைக்கிறார். லிச்செரோ என்பது மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்ட முறம். ஒரு தட்டு, ஒரு சுழற்று, பொக்கெல்லாம் விளிம்புக்கு வந்துவிடுகிறது, வாயால் ஊதி வெளியே தள்ளுகிறார். பருப்பு வெளிர் நிறம், அங்கங்கே சிவப்பு. பிறகு விரலால் பிரிக்கிறார்: பெரிதும் உருண்டையும் ஒரு பக்கம், அது வியாபாரிக்கு, சுருங்கினது, உடைந்தது, வண்டு துளைத்தது இன்னொரு பக்கம், அது சட்டிக்கு. நான் அந்த இரண்டாவது குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியம் அதைத்தான் சாப்பிட்டோம், முழுப்பயறாக, தோலோடு, சாம்பலைக் கரைத்து வடித்த நீர் விட்டு மெத்தென்று வேகவைத்து, தக்காளி வெங்காயம் போட்டு. நல்ல ருசி. நாங்கள் தோலை நீக்கி இரண்டாக உடைத்துத்தான் சமைப்போம் என்று வாத்தியார் மூலமாகச் சொன்னேன். அகோகோ சிரித்துவிட்டு, தோல் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தது என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அடித்து முடித்த மிளாரை அடுப்படிச் சுவரோரம் அடுக்கினார்கள். இரண்டு மூன்று மாத விறகு. மலைக்கு விறகுக்கு ஏறுவது மிச்சம் என்பதால் பெண்களுக்குத் துவரையில் பிடித்த விஷயமே இந்த மிளார்தான் என்று மகள் சொன்னார். பருப்புக் காசு எப்படியும் பிரிந்துவிடும், மிளார் அவர்களுடையது.

சாயங்காலம் சிகாயோவுக்கு, அதாவது மாவு மில்லுக்கு, கூடப் போனேன். டீசல் எஞ்சின் சத்தம் அரை மைலுக்குக் கேட்கிறது. நல்ல வருடத்தில் சோளத்தைக் குத்தித் தவிடு நீக்கி, ஊறவைத்துக் காயவைத்து, பளீரென்ற வெள்ளை மாவாக அரைப்பார்கள். இந்த வருடம் வரிசையில் இருந்த பேசின்களில் பாதிக்கு மேல் தவிட்டோடு அப்படியே அரைக்க வந்தவை. எல் நினோ வறட்சியில் மழை பாதியில் நின்றுபோய், மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23 மாவட்டங்களைப் பேரிடர்ப் பகுதி என்று அதிபர் அறிவித்தார். தவிட்டைத் தூக்கிப் போட யாருக்கும் வசதியில்லை. அகோகோ வீட்டுச் சோளம் மூன்று மூட்டைதான், அக்டோபரைத் தாண்டாது. அடுத்த சோளம் ஏப்ரலில். இடையில் இருக்கும் மாதங்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

வியாழன்

பெண்களின் வங்கி. வங்கி என்றால் திண்ணையில் நடப்பது, பெயரே திண்ணை வங்கிதான், பாங்கி ம்கோண்டே. மாமரத்தடியில் பாய் விரித்து இருபது இருபத்தைந்து பேர், நடுவில் ஒரு தகரப் பெட்டி, மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். மூவரும் வந்தால்தான் திறக்கும். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பணம் கொடுக்க, எல்லோரும் பார்க்க இரண்டு பேர் எண்ணி, நோட்டில் எழுதுகிறார்கள். கடன் வாங்கினால் மாதத்துக்கு நூற்றுக்கு இருபது வட்டி. கேட்டதும் கந்துவட்டி என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வட்டி வருடக் கடைசியில் அவர்களுக்கே பங்காகத் திரும்பி வருகிறது, பங்கு பிரிப்பதை டிசம்பரில் உரம் போடும் நேரத்துக்குச் சரியாக வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் கடன் வாங்குகிறவர் யாரோ அவரிடமிருந்து வாங்காதவருக்குப் பணம் போகிறது என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேட்டேன். வாங்காதவர் யாரும் இல்லை என்றார்கள்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் உரத்தில்தான் வந்து நிற்கிறது. அடியுரத்துக்கு 23:10:5 கலவை, மேலுரத்துக்கு யூரியா. 2020-ல் மானிய உரத் திட்டம் புதிதாக வந்தபோது மூட்டை 4,495 குவாச்சா, 2024-ல் 15,000, அதுவும் பட்டியலில் பெயர் இருந்தால். பட்டியல் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. போன நவம்பரில் குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள், ஒரே நாளில் டாலரின் விலை 44 சதவீதம் ஏறி 1,700 குவாச்சா ஆனது, உரம் வெளியிலிருந்து வருகிற சரக்கு, வேறென்ன சொல்ல. கடை விலையில் வாங்கினால் ஒரு மூட்டை யூரியாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை துவரை போய்விடுகிறது என்று கணக்குச் சொன்னார்கள்.

கன்யூ பற்றியும் சொல்ல வேண்டும். கன்யூ என்பது கூலி வேலை, பெரும்பாலும் அடுத்தவர் வயலில். வீட்டில் சோளம் தீர்ந்துபோகும் ஜனவரி, பிப்ரவரியில்தான் எல்லா வயலிலும் களையெடுப்பு. அன்றன்றைய மாவுக்காக அடுத்தவர் வயலில் களையெடுக்கப் போனால் சொந்த வயலில் களை மண்டிவிடும், விளைச்சல் குறையும், அடுத்த வருடம் சோளம் இன்னும் சீக்கிரம் தீரும். ஒரு தடவை இந்தச் சுழலில் இறங்கினவர் வெளியே வருவது கஷ்டம். சோம்பேறித்தனம் என்று பேசுகிறவர்களை நகரத்தில் நானே கேட்டேன், ஒரு பிப்ரவரி மாதம் இங்கே வந்து இருந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

மதியத்துக்கு மேல் வாத்தியார் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல். ஆஸ்திரேலியா பக்கத்தில் பிறந்து, இந்துமகா சமுத்திரம் முழுவதையும் கடந்து, மொசாம்பிக்கில் இரண்டு தடவை கரையேறி ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்த புயல். மலையிலிருந்து சேறும் பாறையுமாக இறங்கியது. வயல் இருந்த இடத்தில் வீடு அளவுக்குப் பாறைகள் அப்படியே கிடக்கின்றன. தெற்கு மலாவியில் ஆறு லட்சத்துக்கு மேல் ஆட்கள் வீடிழந்தார்கள். பாறைகளுக்கு நடுவில் கிடைத்த மண்ணில் யாரோ துவரை ஊன்றியிருக்கிறார்கள், காய் பிடித்திருக்கிறது. அந்த நிலம் யாருடையது என்று கேட்டதற்கு, உரியவர்கள் இல்லை என்று மட்டும் சொல்லி வாத்தியார் முன்னால் நடந்தார்.

வெள்ளி

சிப்பெரோனி. தென்கிழக்கிலிருந்து வரும் குளிர்த் தூறல். மலை காணவில்லை. அடிப்பு நின்றுவிட்டது, துவரையெல்லாம் வீட்டுக்குள், நாங்களும் வீட்டுக்குள். பச்சைத் துவரங்காயை உப்புப் போட்டு அவித்துக் கொடுத்தார்கள், உரித்து உரித்துத் தின்றோம். ரேடியோவில் ஜூன் மாதம் விமான விபத்தில் இறந்துபோன துணை அதிபர் சிலிமா பற்றிய பேச்சு. ஆண்கள் தாழ்வாரத்தில் பாவோ ஆடினார்கள், நான்கு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, 64 விதை. பல்லாங்குழி ஆடின தைரியத்தில் உட்கார்ந்தேன். எழுப்பிவிட்டார்கள்.

சனி

வியாபாரி வந்தார். சைக்கிளில் தொங்கு தராசு, சுருட்டிய சாக்கு, இடுப்பில் பணப்பை. அரசாங்கம் வருடா வருடம் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது, எல்லோருக்கும் ரேடியோவில் கேட்டு மனப்பாடம், ஆனால் அந்த விலைக்கு வாங்க யாராவது வர வேண்டுமே. இந்த வருடம் விலை பரவாயில்லை, அறிவித்ததற்கு மேலேயே போகிறது. சண்டை விலையில் இல்லை, எடையில். அகோகோவிடம் இருபது லிட்டர் வாளி ஒன்று இருக்கிறது. தலைதட்டி அளந்தால் 16 கிலோவுக்குக் குறையாது என்பது அவர் கணக்கு. தராசு 14 காட்டியது. அகோகோ ஒன்றும் சொல்லவில்லை, வாளியைத் தூக்கித் தன் சாக்கிலேயே திரும்பக் கொட்டிவிட்டு முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கிவிட்டார். வியாபாரி கொக்கியைத் திருகினார், தட்டினார், சிரித்தார், இரண்டாவது தடவை 15½ வந்தது. வேண்டாம் என்று கையால் காட்டினார் அகோகோ. மத்தியானம் வந்த இன்னொருவரின் தராசு 16-ஐத் தொட்டது, அவருக்கு நான்கு மூட்டை போனது.

விற்காமல் வைத்திருந்து விலை ஏறிய பிறகு கொடுக்கலாமே என்று கேட்டதற்கு வாத்தியார் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று வண்டு, துவரையில் சீக்கிரம் விழும். இரண்டாவது 2017. எனக்கு அந்தக் கதை மறுமுனையிலிருந்து தெரியும். 2015-ல் இந்தியாவில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அந்த விலையைக் கேட்டுத்தான் ஆப்பிரிக்காவில் பலர் கூடுதலாக விதைத்தார்கள். அடுத்த பருவத்தில் இந்தியாவிலேயே அமோக விளைச்சல், நம் விவசாயிக்கு விலை விழுந்தது, 2017 ஆகஸ்டில் டெல்லி ஓர் அறிவிப்பு போட்டு வருடத்துக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் துவரை வரக்கூடாது என்று நிறுத்தியது. ஆகஸ்ட், அதாவது இங்கே அறுவடை மாதம். வியாபாரிகள் வருவதே நின்றுபோய், வந்தவர்களும் சொன்னதுதான் விலை என்று கேட்க, பல வீடுகளில் துவரை அப்படியே கிடந்து வண்டு தின்றது. நம் விவசாயியைக் காப்பாற்ற டெல்லி செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அறிவிப்பை விதைக்கும் முன்னால் சொல்லியிருந்தால் இவர்கள் அந்த வருடம் வேறு எதையாவது ஊன்றியிருப்பார்கள். "எங்கள் துவரைக்கு மழை டிசம்பரில் ஒன்று, டெல்லியில் ஒன்று" என்றார் வாத்தியார், வகுப்பில் பாடம் நடத்தும் குரலில்.

நான்கு மூட்டைப் பணம் சாயங்காலத்துக்குள் பிரிந்துவிட்டது. பேத்தி உயர்நிலைப் பள்ளி விடுதியில் இருக்கிறாள், தொடக்கப் பள்ளி 1994-லிருந்து இலவசம், ஆனால் விடுதிக்குக் கட்ட வேண்டும். ஒரு பங்கு திண்ணை வங்கிக் கடனுக்கு. ஒரு பங்கு சோளம் வாங்க, இப்போது வாங்கினால்தான் உண்டு, ஜனவரியில் விலை எங்கோ போய்விடும். மிச்சத்தில் ஒரு மூட்டை யூரியா. அதை நவம்பருக்கு விடாமல் இன்றைக்கே கபாஸாவில் ஏற்றி வந்து அகோகோவின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். அடியுரத்துக்கு டிசம்பரில் பெட்டி திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாமாம்.

நாளை காலை பஸ். வாத்தியார் என் வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டார், சுகம் விசாரிக்க இல்லை, இந்தியாவில் துவரை விலை என்ன என்று வாரம் ஒருமுறை அனுப்ப வேண்டுமாம், ரூபாயில் அனுப்பினால் போதும், குவாச்சாவுக்கு அவரே மாற்றிக்கொள்வார். வியாபாரியிடம் அது பேச்சுக்கு உதவும் என்கிறார். விருதுநகர் மார்க்கெட் விலையை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். டெல்லியிலிருந்து ஏதாவது அறிவிப்பு வந்தால் வாரம் முடியக் காத்திருக்காமல் அன்றைக்கே அனுப்பச் சொன்னார்.